எங்கள் வீட்டு வெள்ளையன்

"காது கேளாத நாய்க்குப் பெயர் எதற்கு?" என்று அப்பா கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கூப்பிட்டால் திரும்பிப் பாராத ஒன்றுக்குப் பெயர் சூட்டி ஆவதென்ன? ஆனால் அப்பத்தா விடவில்லை. "பிறந்த உயிர் பேரில்லாமல் இருக்கலாமா?" என்று சொல்லி, அதன் நிறத்தையே பெயராக்கி, வெள்ளையன் என்று அழைத்தாள். பதினோர் ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்து மறைந்த அவன், ஒருமுறைகூடத் தன் பெயரைக் கேட்டதில்லை.

எங்கள் ஊர் இராசபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் நடுவே, மேற்கு மலையடிவாரத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்நாளில் அது இராமநாதபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1985இல்தான் எங்கள் பகுதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. அப்பா பங்குப் பள்ளியில் ஆசிரியர். இராசபாளையம் நாயை விலை கொடுத்து வாங்கும் நிலையில் நாங்கள் இல்லை. பால்போன்ற வெண்மை, இளஞ்சிவப்பு மூக்கு, இரண்டடிக்கும் மேற்பட்ட உயரம், நீண்ட கால்கள் என்று பார்த்த மாத்திரத்தில் மதிப்புத் தோன்றும் இனம் அது. ஒரு காலத்தில் காட்டுப்பன்றி வேட்டைக்கும், தோட்டக் காவலுக்கும் பெரிய வீடுகளில் வளர்த்தார்கள். அவ்வினத்தில் ஒரு குறையும் உண்டு. சில குட்டிகள் செவிடாகவே பிறக்கும். உடலுக்கு நிறந்தரும் அணுக்கள் இல்லாமற்போகும்போது உட்செவியிலும் அவை இல்லாமற்போவதே காரணம் என்பதைப் பிற்காலத்தில் படித்தறிந்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், ஒரு தோட்டக்காரர் வீட்டில் 1971ஆம் ஆண்டு ஐந்து குட்டிகள் பிறந்தன, நான்கு நல்ல விலைக்குப் போயின, ஐந்தாவது காவலுக்கு ஆகாது என்று ஒதுக்கப்பட்டது என்பதே. அவர் மகனுக்கு மாலைநேரத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்த அப்பாவுக்கு அந்த ஐந்தாவது குட்டி சம்பளத்தோடு வந்து சேர்ந்தது.

அவனைக் கூப்பிடும் வழியைக் கண்டுபிடித்தவள் அப்பத்தாதான். ஒருநாள் பின்கட்டில் அவள் கம்பு குத்திக்கொண்டிருந்தாள். தெருத் திண்ணையில் உறங்கிய குட்டி திடுக்கிட்டு எழுந்து, வீட்டைச் சுற்றிக்கொண்டு ஓடி வந்து உரலின் முன் நின்றது. உலக்கையின் ஓசை அதற்குக் கேட்கவில்லை. நிலத்தின் அதிர்வை அதன் பாதங்கள் உணர்ந்தன. அன்றுமுதல் வெள்ளையனை அழைக்க வேண்டுமானால் உலக்கையால் தரையில் இருமுறை குத்துவாள். எங்கிருந்தாலும் வந்துவிடுவான். நாங்கள் சிறுவர் காலை ஓங்கி மிதிப்போம்; எங்கள் மிதிக்கு நான்கு தடவையில் ஒரு தடவை வருவான். அப்பத்தாவின் இரண்டு குத்துக்கு வராமல் இருந்ததில்லை.

ஞாயிறு தோறும் அவனும் பூசைக்கு வருவான். கோயில் மணியோசை அவனுக்கு எட்டாது. ஆனால் அப்பத்தா வெள்ளைச் சீலையின் தலைப்பை எடுத்து முக்காடிட்டதும் வாசலில் போய் நின்றுகொள்வான். கோயில் முகப்பில் நிற்கும் வேம்பின் அடியில், நாங்கள் வெளிவரும்வரை அசையாமல் படுத்திருப்பான். கோயிற்பிள்ளை ஒருமுறை விரட்டப் பார்த்தார். அவர் அதட்டியது எதுவும் காதில் விழாததால், வெள்ளையன் மிக்க அன்போடு வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். பங்குத்தந்தை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். தோபித்து ஆகமத்தில் தோபியாவும் வானதூதரும் புறப்பட்ட பயணத்தில் ஒரு நாயும் உடன்சென்றது, திரும்புகையிலும் பின்வந்தது என்று இருமுறை வருகிறது. அந்த நாய்க்குப் பெயர்கூட இல்லை, உங்கள் நாய்க்காவது பெயர் இருக்கிறதே என்று அப்பாவிடம் சொன்னார். அதற்குப்பின் கோயிற்பிள்ளை அவனை ஒன்றும் செய்யவில்லை.

கிறிஸ்மஸ் இரவில் வெடி வெடிக்கும்போது ஊர் நாய்கள் அனைத்தும் கட்டிலுக்கடியிலும் வைக்கோலுக்குள்ளும் ஒளிந்து நடுங்கும். எங்கள் வெள்ளையன் ஒருவன்தான் நடுத்தெருவில் உட்கார்ந்து, ஒளியின் ஒவ்வொரு வீச்சுக்கும் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்திருப்பான். ஊரில் அவனுக்கு வீரன் என்ற பெயர் பரவியது. உண்மை தெரிந்த நாங்கள் வாயைத் திறக்கவில்லை. என் தங்கை நடை பழகியது அவனுடைய செவியைப் பிடித்துக்கொண்டுதான். அவள் எவ்வளவு அழுதாலும் அவனுக்குக் கேட்காது. ஆனால் அவள் முகம் கோணினால் எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வான்.

இனி எழுதப்போவது இலகுவானதன்று.

1974ஆம் ஆண்டு தபசுகாலம். எனக்குப் பதினொரு வயது. கால்நடை மருத்துவமனையில் நாய்களுக்கு வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறார்கள் என்று கேள்விப்பட்ட அப்பா, என்னிடம் மூன்று ரூபாய் கொடுத்து, வெள்ளையனை நடத்திக் கூட்டிக்கொண்டுபோய் ஊசி போட்டுவரச் சொன்னார். நகரத்தின் எல்லையில் ஒரு திரைப்படக் கொட்டகை இருந்தது. தபசுகாலத்தில் எங்கள் வீட்டில் படம் பார்ப்பது கிடையாது. அதனாலேயே அந்த ஆசை பெரிதாயிற்றோ என்னவோ! வெள்ளையனை மிதிவண்டி நிறுத்துமிடத்தில் கட்டி, அங்கிருந்தவரிடம் கால் ரூபாய் கொடுத்துப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். படம் முடிந்து வந்தபோது அவன் கட்டின இடத்தில் அப்படியே நின்றிருந்தான். மருத்துவமனைக் கதவு அடைத்திருந்தது.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "போட்டாயிற்றா?" என்று கேட்டார். "போட்டாயிற்று" என்றேன்.

ஈஸ்டர் கழிந்து பத்துப் பன்னிரண்டு நாட்களிருக்கும். ஒரு விடியற்காலையில் கிழக்கேயிருந்து வெறிநாய் ஒன்று ஊருக்குள் புகுந்தது. வாயில் நுரையும் தள்ளாட்டமுமாக வந்த அதைக் கண்டு ஆட்கள் கூச்சலிட்டனர். தெருநாய்கள் ஓசை கேட்டுச் சிதறி ஓடின. வெள்ளையன் மட்டும் படப்பின் ஓரத்தில் ஆழ்ந்து உறங்கிக்கொண்டிருந்தான். அந்நாய் அவனுடைய பின்தொடையைக் கவ்விய பிறகே விழித்தான். அது மேலும் இரண்டு பசுக்களைக் கடித்துவிட்டுக் கண்மாய்க்கரையில் அடிபட்டுச் செத்தது.

அப்பா வெள்ளையனின் காயத்தைச் சோப்பிட்டுக் கழுவி மஞ்சள் வைத்தார். அக்கம்பக்கத்தார் கவலையோடு எட்டிப் பார்த்தபோது, "ஊசி போட்ட நாய், பயமில்லை" என்று எல்லாருக்கும் சொன்னார். ஒவ்வொரு முறை அவர் அப்படிச் சொன்னபோதும் நான் அங்கே நின்றிருந்தேன்.

எட்டு நாட்கள் கழிந்தன. தங்கைக்கு அப்போது நான்கு வயது. தன் தட்டிலிருந்து ஒரு வாய் அவனுக்கு, ஒரு வாய் தனக்கு என்று உண்பது அவள் வழக்கம். இரவில் அவன் வயிற்றில் தலைவைத்துத் தூங்குவாள். நான் விழித்துக்கொண்டு அவனுடைய வாயையே பார்த்திருப்பேன், நுரை வருகிறதா என்று. எவருடைய கண்ணிலும் படாமல் தங்கையை இழுத்து அப்பால் படுக்கவைப்பேன். விடிவதற்குள் அவள் மீண்டும் அங்கேயே போய்விடுவாள். சொல்லிவிடலாம் என்று நாளுக்குப் பத்துமுறை எண்ணினேன். சொன்னால் வெள்ளையனைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்ததாக இத்தனை காலம் எனக்கு நானே சொல்லிவந்திருக்கிறேன். அது பாதி உண்மை. அடிக்குப் பயந்தேன் என்பதே மீதி.

சனிக்கிழமை மாலை பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். பொய் சொன்னேன் என்று மட்டும் சொல்லித் தப்பிவிடலாமென்று எண்ணிப் போனவன், முழங்காலிட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். தட்டிக்கு அப்பால் நெடுநேரம் மௌனம். பிறகு பங்குத்தந்தை கேட்டார்: "நாய் இப்போது எங்கே?"

"வீட்டில், சாமி. தங்கச்சி கூட."

"உன் அபராதம் இதுதான். இப்போதே எழுந்து ஓடிப்போய் அப்பாவிடம் சொல். செபமெல்லாம் பிறகு வந்து சொல்லிக்கொள்ளலாம்."

அங்கே கேட்டதை அவர் எவரிடமும் சொல்ல இயலாது. எங்கள் வீடோ கோயிலிலிருந்து கூப்பிடு தூரம். நான் வீட்டுக்குப் போகாமல் வேறெங்காவது ஓடியிருந்தால் அம்முதியவர் அன்றிரவை எப்படிக் கழித்திருப்பார் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். அன்று எனக்கு அது தோன்றவில்லை. ஓடினேன்.

அப்பா திண்ணையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் பேனாவை மூடிச் சட்டைப் பையில் செருகினார். என்னை அடிக்கவில்லை, ஒரு சொல்லும் சொல்லவில்லை. உள்ளே போய், தங்கையைத் தூக்கி அம்மாவிடம் கொடுத்தார். பழைய மாட்டுச் சங்கிலி ஒன்றை எடுத்துவந்து, கொல்லைப்புறக் கொடுக்காப்புளி மரத்தில் வெள்ளையனைக் கட்டினார்.

மறுநாள் கால்நடை மருத்துவர் வந்து பார்த்தார். கையிலிருந்த மருந்தைப் போட்டார். ஆயினும் கடிபட்டபின் போடுவதால் உறுதி சொல்ல முடியாது என்றார். கொன்றுவிடுவது ஒரு வழி. இல்லையேல் ஆறு மாதம் கட்டி வைக்க வேண்டும். மனிதரோ மிருகமோ கிட்டே போகவே கூடாது. ஊர்ப் பெரியவர்கள் நான்கு பேர் மாலையில் வந்தார்கள். "வாத்தியார் ஐயா, பிள்ளைகள் இருக்கிற ஊர். ஊசி போட்டதாகச் சொன்னீர்களே?" என்றார் ஒருவர். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். "போடவில்லை. தவறு என்னுடையது. நான் பொறுப்பாகப் பார்த்திருக்க வேண்டும்" என்றார் அப்பா. எங்கள் ஊரில் அவர் சொல்லை அதுவரை ஒருவரும் சந்தேகித்ததில்லை. ஆறு மாதத்துக்கு அந்த நாய் சங்கிலியை விட்டு அகலாது என்று வாக்குக் கொடுத்தார். இருபத்தைந்து நாள் கழித்து, கடிபட்ட பசுக்களில் ஒன்று இரவெல்லாம் கதறிக் கதறி இறந்தபோது, அவர்கள் மறுபடியும் வந்தார்கள். அப்பா மறுபடியும் அதையே சொன்னார்.

என் முழங்காலில் அப்போது ஒரு சிராய்ப்புக் காயம் இருந்தது. அதை வெள்ளையன் நக்கியிருந்தான் என்று சொன்னதும் மருத்துவர் எனக்கும் ஊசி எழுதிவிட்டார். அக்காலத்து வெறிநாய்க்கடி ஊசி என்றால் இன்றைய இளந்தலைமுறைக்குத் தெரியாது. ஆட்டு மூளையிலிருந்து ஆக்கிய மருந்து அது. பாரிசில் லூயி பாஸ்டர் 1885இல் முதன்முதலாக ஒரு சிறுவனைக் காப்பாற்றிய முறையின் வழிவந்தது. குன்னூரில் 1907 முதல் இயங்கிவரும் பாஸ்டர் நிலையத்திலும் தயாராகி வந்தது. நாளுக்கு ஒன்றாகப் பதினான்கு நாள், தொப்புளைச் சுற்றி வயிற்றில் போடுவார்கள். அந்த மருந்து நம் நாட்டில் 2004ஆம் ஆண்டு இறுதியோடு நின்றுவிட்டது. இப்போது உள்ளதைக் கையில் போடுகிறார்கள். சில ஊசிகளே போதும், வலியும் சிறிது. இதைப் படிக்கும் பெற்றோர்க்கு ஒன்று: நாய் கடித்தாலும் பிறாண்டினாலும் அந்த இடத்தைச் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். நோய்க்குறி தோன்றிவிட்டால் மீட்பதற்கு மருந்தில்லை.

கோடை விடுமுறையாதலால் அப்பாவே என்னைத் தினமும் மிதிவண்டியில் வைத்து நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச்சென்றார். போக ஐந்து மைல், வர ஐந்து மைல். வழியில் மரங்களின் பெயரைச் சொல்வார்; பதினேழாம் வாய்பாட்டைக் கேட்பார். பொய்யைப் பற்றிப் பேசவே இல்லை. பேசித் தொலைத்தால் தேவலையே என்று வண்டியின் பின்னிருக்கையில் இருந்து அவர் முதுகைப் பார்த்துக்கொண்டே போவேன். அந்த முதுகு வியர்வையில் நனைந்திருக்கும். பதினான்காம் நாள் ஊசி முடிந்ததும் திருவில்லிபுத்தூர்க் கடைத்தெருவில் நிறுத்தி, பால்கோவா இரண்டு பொட்டலம் வாங்கினார். ஒன்றை என் கையில் கொடுத்தார். வீடு வந்ததும் மற்றதைப் பிரித்து, வெள்ளையனின் தட்டில் வைத்து, தொரட்டிக் கம்பால் அவன் பக்கம் தள்ளினார். "அவனுக்கும் பதினான்கு நாள் ஆயிற்று" என்றார்.

ஆறு மாதமும் அந்தத் தொரட்டிதான் எங்கள் கை. தட்டைத் தள்ளுவதும், கொக்கியால் இழுப்பதும், தண்ணீர்ச் சட்டியை நகர்த்துவதும் அதனால்தான். வேறொரு நாயாக இருந்தால் தூரத்தில் நின்று நாலு வார்த்தை பேசியாவது ஆற்றியிருக்கலாம். வெள்ளையனுக்குப் பேச்சு எட்டாது, தொடுவதற்கோ அனுமதியில்லை. எங்களைப் பார்த்தால் சங்கிலியின் முழு நீளத்துக்கும் ஓடிவந்து நிற்பான். ஏன் ஒருவரும் கிட்டே வரவில்லை என்று அவனுக்கு எப்படி விளக்குவது? ஒவ்வோர் இரவும் செபமாலை முடிந்ததும் அப்பத்தா உலக்கையை எடுத்துக்கொண்டு கொல்லை வாசலுக்குப் போவாள். தரையில் இருமுறை குத்துவாள். இருட்டில் சங்கிலி ஒருமுறை குலுங்கும். பிறகுதான் படுக்கப் போவாள். ஐப்பசி மழை தொடங்கியபோது, அப்பா நனைந்துகொண்டே இரண்டு மூங்கிலின் நுனியில் பனையோலைக் கீற்றைக் கட்டித் தூக்கி, எட்ட நின்றபடியே மரத்தோடு சாய்த்து, அவனுக்கு ஒரு கூரை அமைத்தார். அது மூன்றுமுறை சரிந்தது.

வெறிநோய் வரவில்லை. ஆறு மாதம் கடந்தும் அப்பா ஒரு வாரம் பொறுத்தார். கல்லறைத் திருநாளன்று காலை, எங்களையெல்லாம் கதவுக்குப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, அவரே போய்ச் சங்கிலியைக் கழற்றினார். வெள்ளையன் அவர் கையை நக்கினான். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டதைக் கதவிடுக்கால் பார்த்தேன்.

நாங்கள் ஆரவாரத்தோடு வெளியே ஓடினோம். அவனும் எங்களை நோக்கி ஓடிவந்தான். சங்கிலி எட்டும் தூரம்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டான். ஆறு மாதம் அவன் சுற்றிச் சுற்றி நடந்ததால் மரத்தைச் சுற்றிப் புல்லே இல்லாமல் ஒரு வட்டம் விழுந்திருந்தது. அதன் விளிம்பில் நின்று வாலை ஆட்டினான், உடல் நடுங்கினான், முனகினான். அதைத் தாண்டவில்லை. கழுத்தில் சங்கிலி இல்லை என்பது அவனுக்குத் தெரியவில்லை. அப்பத்தா உலக்கையால் குத்தினாள். முன்னங்காலைத் தூக்கினான், மீண்டும் அதே இடத்தில் வைத்தான்.

அன்று நான் அழுததைப்போல் அதற்குமுன் அழுததில்லை.

அப்பத்தாதான் அவனை மீட்டாள். தினமும் வட்டத்தின் விளிம்பில் உட்கார்ந்துகொள்வாள். முதல்நாள் அவனுக்கு ஒரு சாண் தள்ளிக் குத்தினாள். மறுநாள் இரண்டு சாண். அவன் வரும்வரை காத்திருப்பாள். ஒரு மாதத்தில் அடுப்படி வாசல்வரை வந்துவிட்டான். திருவருகைக்காலம் முடிவதற்குள் தங்கையின் பக்கத்தில் பழையபடி படுத்துக்கொண்டான். ஆனால் தெருவாசலுக்கு வெளியே அவன் காலெடுத்து வைக்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் முக்காட்டைக் கண்டதும் எழுந்து வருவான். நிலைப்படியோடு நின்று, நாங்கள் தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருப்பான். வேம்படி காலியாகவே கிடந்தது. என்ன ஆயிற்று என்று பங்குத்தந்தை ஒருநாளும் கேட்கவில்லை.

1979இல் அப்பத்தா காலமானாள். பெட்டி வீட்டைவிட்டுப் புறப்பட்டபோது வெள்ளையன் கூடவே வாசல்வரை வந்தான். அன்றாவது தாண்டுவான் என்று நினைத்தேன். தாண்டவில்லை. அதன்பின் மூன்றாண்டு இருந்தான். உலக்கையைத் தங்கை எடுத்துக்கொண்டாள். 1982ஆம் ஆண்டு ஒரு மழைநாளில், அடுப்படியில் அவள் மடியில் தலைவைத்தபடியே போய்ச் சேர்ந்தான். கொடுக்காப்புளி மரத்தடியில்தான் புதைத்தோம். அந்த வட்டத்துக்கு வெளியே தள்ளிக் குழிவெட்டச் சொன்னார் அப்பா.

2005 சனவரியில் நம் அஞ்சல் துறை நாட்டு நாய் இனங்கள் நான்குக்குத் தபால்தலை வெளியிட்டது. அவற்றுள் ஒன்று இராசபாளையம். நான் வேலைபார்த்த ஊரில் ஒன்றை வாங்கி, விடுமுறைக்கு வீடு சென்றபோது அப்பாவிடம் காட்டினேன். அவருக்கு அப்போது பார்வை மங்கியிருந்தது. கண்ணாடியைத் தேடி எடுத்து அணிந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து நெடுநேரம் பார்த்தார். முப்பது ஆண்டுகளாக எங்களுக்குள் பேசாமலே கிடந்த பேச்சை இன்று பேசுவார் என்று நான் காத்திருந்தேன்.

"நம்ம வெள்ளையன்தான்" என்றார். மறுபடியும் பார்த்தார். "ஆனால் இதற்குக் காது கேட்கும் போலிருக்கிறதே" என்று சொல்லி, அதைத் தம் செபப்புத்தகத்துக்குள் வைத்து மூடினார்.